பாபிலோன் பற்றிய 1900 காலத்து நூல்களில் உள்ள ஆண்டுகள் இன்றைய கணக்கோடு ஏன் ஒத்துப்போவதில்லை?

மன்னர் பட்டியல் என்பது அரசர் பெயர்களும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளும் பொறித்த களிமண் பலகை. அதில் வம்சங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்ததால், ஒன்று முடிந்தபின் அடுத்தது வந்ததாக எண்ணி, அக்கால ஆய்வாளர்கள் ஆண்டுகளைக் கூட்டினார்கள். உண்மையில், தெற்கே கடலோரப் பகுதியை ஆண்ட கடல்நாட்டு வம்சம் மற்ற வம்சங்களோடு ஒரே சமயத்தில் ஆண்டது. அண்ணன் தம்பி வயதைக் கூட்டி வீட்டின் வயது என்பதுபோல ஆகிவிட்டது. ஆங்கிலேய ஆய்வாளர் எல். டபிள்யூ. கிங் 1907-ல் பதிப்பித்த பலகைகள் இதைத் தெளிவாக்கின.

பெரிய பிழை இன்னொன்று. அக்காத் நாட்டுப் பழைய அரசர் நாராம்-சின் தனக்கு 3,200 ஆண்டுகள் முந்தையவர் என்று பாபிலோனின் கடைசி அரசர் நபோனிடஸ் (கி.மு. 6-ஆம் நூற்றாண்டு) எழுதிவைத்ததை அப்படியே நம்பி, நாராம்-சின்னை கி.மு. 3750-ல் வைத்தார்கள். இன்றைய கணக்கு சுமார் கி.மு. 2250.

அதனால் அந்நூல்களின் எல்லா ஆண்டுகளும் தவறு என்றாகாது. பாபிலோனுக்கு வடக்கே இருந்த அசிரியாவின் கி.மு. 910-க்குப் பிந்தைய ஆண்டுகள், கி.மு. 763 சூரிய கிரகணத்தோடு பொருத்தப்பட்டவை. பெரும்பாலும் இன்றும் செல்லும்.