வாளியில் தயிராகும் ஸ்லரி

கேள்வி: மெழுகு உருவங்களின் மேல் பூச்சுப் பூச்சாக செராமிக் ஷெல் (ஓடு) கட்டி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு வெண்கலம் வார்க்கிறேன். பூச்சைப் பிடித்து நிறுத்தும் பைண்டர், கொலாய்டல் சிலிகா. அதில் செராமிக் தூள் கலந்த குழம்பான ஸ்லரி கெட்டியாகும்போதெல்லாம் குழாய்த் தண்ணீர் விட்டு இளக்குகிறேன். இப்போது தயிர் மாதிரி திரிதிரியாக நிற்கிறது. ஷெல்லின் உள்மூலைகளிலும் கீறல் விழுகிறது. பேசாமல் வாட்டர் கிளாஸுக்கு (சோடியம் சிலிகேட் பைண்டர்) மாறிவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம். வாட்டர் கிளாஸில் சோடியம் அதிகம். ஷெல் சூடு தாங்கும் திறன் குறையும். பைண்டர் மேல் பழி போடாதீர்கள், குழாயை மூடுங்கள்.

கொலாய்டல் சிலிகா என்பது தண்ணீரில் மிதக்கும் சில நானோமீட்டர் அளவுள்ள சிலிகாத் துகள்கள்தான். பி.எச். 9, 10 என்ற காரநிலையில் எல்லாத் துகள்களும் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். குழாய்த் தண்ணீரின் கால்சியம், மக்னீசிய உப்புகள் அந்தத் தள்ளலைக் கெடுத்துவிடும். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் பிரியாது. வாளியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதனால் காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டால் போதும். பைண்டரையே மேலும் ஊற்றுவார்கள் சிலர். சிலிகாவின் செறிவு ஏறி, இன்னும் சீக்கிரம் கெட்டியாகும். பி.எச். தாளை வாரம் ஒருமுறை நனைத்துப் பாருங்கள். 9-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து.

கீறல் வேறு கதை. தண்ணீர் ஆவியாகும்போது ஷெல் குளிரும், உள்ளே மெழுகு சுருங்கும். காய்ந்து முடிந்ததும் மறுபடி அறைச் சூட்டுக்கு வந்து மெழுகு விரியும். வெளிப்புறம் எப்போதோ காய்ந்து விறைத்திருக்க, காற்று புகாத உள்மூலை ஈரமாகவே இருந்தால் அங்கேதான் பிளக்கும். மின்விசிறியை மூலைக்கு நேராகத் திருப்புங்கள். புறங்கையை ஷெல்லில் வைத்துப் பாருங்கள்: சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அடுத்த பூச்சுக்கு அவசரப்படாதீர்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு விரிந்து ஷெல்லைப் பிளக்கும். அறையின் சூடு ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

சரி, வாளியில் இருப்பதை என்ன செய்வது? கழிக்க வேண்டியதுதான். சாக்கடையில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். வாளியோடு காயவிட்டு, கட்டியாக எடுத்துப் போடுங்கள். உடைக்க வேண்டியிருந்தால் ஈரமாக்கிவிட்டு, சரியான சுவாசக் கவசம் போட்டுக்கொண்டு உடைக்கவும். மூக்கில் கட்டும் துணி இந்தத் தூசிக்குப் பத்தாது.