எல்லாத் துறையும் படிக்க ஆசை, எந்த அலமாரியில் தொடங்குவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளிக் காலத்திலிருந்தே நாவலும் சிறுகதையும்தான் படிப்பு. இப்போது வரலாறு, அறிவியல், பொருளாதாரம், மருத்துவம் என்று எல்லாவற்றையும் படிக்க ஆசை வந்திருக்கிறது. 'கட்டாயம் படிக்க வேண்டிய 100 புத்தகங்கள்' என்று வந்த ஒரு பட்டியலைப் பார்த்து ஏழெட்டு வாங்கினேன். எதிலும் 30 பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. மாதம் 500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஆங்கிலம் படிப்பேன், ஆனால் மெதுவாக. எப்படித் தேர்ந்தெடுப்பது? நீங்களே ஒரு நல்ல பட்டியல் தர முடியுமா?

பட்டியல் தரப்போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சிக்கலே அதில்தான் தொடங்கியிருக்கிறது. அந்த நூறையும் தொகுத்தவருக்கு ஒவ்வொரு புத்தகமும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதிலாக வந்து சேர்ந்திருக்கும். அந்தக் கேள்வி உங்களுக்கு எழாதபோது பதிலை மட்டும் காசு கொடுத்து வாங்கி வைத்தால் 30 பக்கத்தில் அலுப்பு தட்டத்தான் செய்யும். நாவலில் இந்தத் தொல்லை இல்லை, அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வியை முதல் அத்தியாயத்திலேயே அது உங்களுக்குள் போட்டுவிடும். மற்ற புத்தகங்களில் பெரும்பாலானவை அப்படிச் செய்யாது, கேள்வியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். நூலகத்தில் புத்தகம் தேடிக் கொடுக்கிற வேலையில் பல ஆண்டு இருந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்: பல துறைகளையும் விரும்பிப் படிக்கிறவர்கள் 'இனி அறிவியல் படிக்கலாம்' என்று முடிவெடுத்து வருவதில்லை. ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் வருவார்கள், அது அவர்களை வேறு வேறு அலமாரிகளுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் வரலாறு, அறிவியல் என்ற தலைப்புகளைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு உங்கள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷிப்மென்ட் போகிறது, பில் டாலரில், கணக்கு ரூபாயில். டாலர் ஏறினால் ஏற்றுமதிக்காரருக்கு ஏன் லாபம், ஏறும் என்று நினைத்து இறங்கிவிட்டால் என்ன செய்வார்கள், பஞ்சு விலையை யார் தீர்மானிக்கிறார்கள், பீஸ் ரேட் கூலி எப்படி வந்தது, சாயப்பட்டறைத் தண்ணீர் எங்கே போகிறது? இதெல்லாம் உங்கள் மேசைக்கு அன்றாடம் வருகிற விஷயம்தான். இதே கேள்விகளோடு ஒரு நூலகத்துக்குள் போனால் என்ன நடக்கிறது பாருங்கள்.

மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைத்தான் நம் ஊரிலும் பல நூலகங்கள் பின்பற்றுகின்றன. உலகத்தில் உள்ள எல்லா விஷயத்துக்கும் 000 முதல் 999 வரை எண் போட்டிருப்பார்கள். அன்னியச் செலாவணிக்கு 332.45, தொழிலாளர் கூலி பற்றியதெல்லாம் 331, பருத்திச் சாகுபடி 633.51, நூற்பும் நெசவும் 677, சாயமேற்றுவது 667, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு 628, மனிதர்கள் உடுத்துகிற விதம் 391, தமிழ்நாட்டு வரலாறு 954.82. ஒரு டீசர்ட்டை வைத்துக்கொண்டே பொருளாதாரம், வேளாண்மை, பொறியியல், பண்பாடு, வரலாறு என்று ஐந்தாறு துறைக்குள் போய்விட்டீர்கள். எந்தத் துறைக்கும் வெளியாளாகவும் போகவில்லை, பாதி விஷயம் தெரிந்தவராகவே நுழைகிறீர்கள்.

சாயத்தை மட்டும் கொஞ்சம் தொடர்ந்து போவோம், இதில்தான் எனக்கு ருசி அதிகம். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்து பார்க்கிறான், மருந்து வரவில்லை, ஊதா நிறத்தில் ஒரு சாயம் வருகிறது. செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து கிளம்பியது. அப்புறம் 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது, அதுவரை நீலச் சாயம் தந்துவந்த அவுரிச் செடியின் சாகுபடி இந்தியாவில் சரிகிறது, நஷ்டத்தைத் தோட்ட முதலாளிகள் விவசாயிகள் தலையில் கட்டுகிறார்கள், 1917இல் காந்தி பீகாரின் சம்பாரணுக்குப் போனதன் பின்னணியில் இந்தக் கதை இருக்கிறது. இங்கே உங்கள் ஊரில், சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் உங்களுக்கே தெரிந்திருக்கும். வேதியியல், மருத்துவம், விடுதலைப் போராட்டம், சட்டம், சுற்றுச்சூழல் எல்லாம் ஒரே இழையில் வந்துவிட்டன. 'வேதியியல் அறிமுகம்' என்று ஒரு புத்தகத்தை வெறுமனே கொடுத்திருந்தால் திறந்திருக்க மாட்டீர்கள். துணியில் சாயம் ஏன் ஒட்டுகிறது, துவைத்தால் ஏன் போகிறது என்று தெரிய வேண்டும் என்றால் திறப்பீர்கள்.

அலமாரி முன்னால் நின்றபிறகு என்ன செய்வது? இதற்கு எஸ். ஆர். ரங்கநாதன் சொன்ன ஒன்று உதவும். 1892இல் சீர்காழியில் பிறந்தவர், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், நூலகத் துறையே இவரை வைத்துத்தான் இந்தியாவில் வளர்ந்தது. அலமாரியில் புத்தகங்கள் எப்படி நிற்க வேண்டும் என்று அவர் சொல்கிறார்: வாசகர் தேடிவந்த பொருள் நடுவில், அதன் இரண்டு பக்கமும் அதோடு பாதி உறவுள்ளவை, அதற்கும் அப்பால் உறவில்லாதவை. ஆகவே நீங்கள் தேடிவந்த பொருளில் நடுவிலிருந்து ஒரு புத்தகம் எடுங்கள், அதற்கு ஒரு கை தூரத்தில் பக்கவாட்டிலிருந்து இன்னொன்று எடுங்கள். இரண்டாவதுதான் உங்களை வேறு துறைக்குக் கொண்டுபோகும். ரங்கநாதனே உருவாக்கிய கோலன் பகுப்பு முறை உள்ள நூலகத்தில் எழுத்தும் குறியும் கலந்த எண்கள் இருக்கும், ஆனால் பக்கத்துப் புத்தகம் என்கிற உத்தி அங்கேயும் செல்லும்.

புதுத் துறை எதில் நுழைந்தாலும் முதலில் பள்ளிப் பாடப்புத்தகம் படியுங்கள். பாடப்புத்தகமா என்று முகம் சுளிக்க வேண்டாம். தமிழ்நாட்டு பிளஸ் 1 புத்தகங்கள் 2018இலும் பிளஸ் 2 புத்தகங்கள் 2019இலும் புதிதாக எழுதப்பட்டவை, தமிழிலேயே இருக்கின்றன, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முழுப் புத்தகமும் வேண்டாம், ஓர் அத்தியாயம் போதும். செலாவணி பற்றிப் படிக்கப் போகிறீர்கள் என்றால் பிளஸ் 2 பொருளியலில் பன்னாட்டுப் பொருளியல் என்ற அத்தியாயத்தைப் பாருங்கள். பணவீக்கம், பணவியல் கொள்கை, செலாவணி மாற்று விகிதம் போன்ற சொற்கள் அந்தப் புத்தகத்திலேயே பழகிவிடும். நீங்கள் 30 பக்கத்தில் நிறுத்திய புத்தகங்களில் பாதியாவது இந்தச் சொற்கள் பழகாததால்தான் நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. பெரிய புத்தகங்கள் வாசகருக்கு இவை ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன.

சரி, கையில் ஒரு புத்தகம் இருக்கிறது, நல்லதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? அட்டையையும் பின்னட்டைப் பாராட்டையும் விட்டுவிடுங்கள். தலைப்புப் பக்கத்தைத் திருப்பி முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள், ஏனென்றால் போன வருடம் அச்சான புத்தகத்தின் உள்ளடக்கம் நாற்பது வருடப் பழையதாக இருக்கலாம். வரலாற்றில் பழைய புத்தகம் என்றால் உடனே தள்ள வேண்டியதில்லை, ஆனால் 2010இல் எழுதிய தமிழகத் தொல்லியல் புத்தகத்தில் கீழடி இருக்காது, அங்கே அகழாய்வு தொடங்கியதே 2014-15இல்தான். சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்று ஒரு வானியல் புத்தகம் இன்னமும் சொன்னால் அது 2006க்குப் பிறகு திருத்தப்படவில்லை, புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றிய ஆண்டு அது. மருத்துவத்திலும் சட்டத்திலும் ஆண்டு இன்னும் முக்கியம், வரிச் சட்டப் புத்தகம் எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது நான் எப்போதும் செய்கிற சோதனை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அந்தப் புத்தகம் எப்படிச் சொல்கிறது என்று தேடிப் படியுங்கள். இந்தியத் தொழில் வளர்ச்சி பற்றிய புத்தகமா, திருப்பூரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் பாருங்கள். சாயப்பட்டறைக்கும் நிட்டிங்குக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருந்தால், உங்களுக்குத் தெரியாத மற்ற ஊர்களைப் பற்றியும் அப்படித்தான் எழுதியிருப்பார். சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புத்தகத்தின் கடைசியில் தருகிற அகரவரிசைப் பட்டியல், இருந்தால் இது இரண்டு நிமிட வேலை. வருத்தம் என்னவென்றால் தமிழில் வருகிற நல்ல நல்ல புத்தகங்களுக்கே பதிப்பகங்கள் சொல்லடைவு போடுவதில்லை, பொருளடக்கத்தை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. பதிப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கவனியுங்கள், வாசகருக்கு இது பெரிய உதவி.

மொழிபெயர்ப்பு என்றால் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு பத்தியை மெதுவாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டாவது முறை படித்தும் யார் என்ன செய்தார் என்று பிடிபடவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை, வைத்துவிடுங்கள். மூலநூலின் பெயர், அது வந்த ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர் மூன்றும் அச்சிடாத புத்தகத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஆங்கிலம் மெதுவாக வரும் என்கிறீர்கள், அப்படியானால் உங்கள் தொழிலைத் தொட்ட விஷயங்களை ஆங்கிலத்திலும், புதிதான விஷயங்களைத் தமிழிலும் படியுங்கள். ஏற்றுமதிச் சொற்கள் உங்களுக்குப் பழக்கம், அங்கே வேகம் தானாக வரும்.

மருத்துவத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. சர்க்கரை நோயை முற்றிலும் குணமாக்குவேன், மாத்திரையே வேண்டாம் என்று அட்டையிலேயே வாக்குக் கொடுக்கிற புத்தகங்களைத் தொட வேண்டாம். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிற புத்தகங்களைப் படியுங்கள், அதற்கும் பிளஸ் 2 உயிரியல் நல்ல தொடக்கம்.

பணத்துக்கு வருவோம். மாதம் 500 ரூபாயை மாதாமாதம் செலவழிக்காதீர்கள். சென்னை மாகாணத்தின் 1948 பொது நூலகச் சட்டத்தால் வந்த நூலக வரி உங்கள் சொத்து வரியோடு சேர்ந்தே வசூலாகிறது, அந்தக் காசில் வாங்கிய புத்தகங்கள் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கின்றன. உறுப்பினராவதற்கு ஆகும் வைப்புத்தொகையும் சந்தாவும் மிகக் குறைவு. முதலில் எடுத்துப் படியுங்கள். படித்து முடித்து, இது வீட்டில் இருக்க வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் வாங்குங்கள், சேர்ந்த பணத்தை ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவிலோ உங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழாவிலோ செலவிடலாம், 10 சதவீதத் தள்ளுபடியும் கிடைக்கும். 50 பக்கம் படித்தும் ஒட்டாத இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மனசும் உறுத்தாது, காசு போட்டு வாங்கியதுதான் உறுத்தும்.

இலவசமாகவும் நிறைய இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து எழுத்துக்களுக்கு நூலகம் என்ற வலைத்தளம் மூன்றையும் பாருங்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய அறிஞர்களின் புத்தகங்கள் இவற்றில் ஏராளம். மயிலை சீனி. வேங்கடசாமியை நீங்கள் முதலில் தேடலாம், பழங்காலக் கொங்கு நாட்டின் வரலாற்றை எழுதியவர். அவரோடு கொடுமணல் அகழாய்வு பற்றியும் படித்துவிடுங்கள். பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் என்ற ஊர், அணிகலனுக்கான மணி செய்து தூரதேசத்துக்கு விற்ற ஊர், அதே நொய்யல் கரையில், உங்களுக்குப் பேருந்து தூரத்தில் இருக்கிறது. ஏற்றுமதிக் கணக்குப் பார்க்கிற உங்களுக்கு அதைவிடச் சுவாரசியமான தொல்லியல் இருக்க முடியாது.

நாவல் படிப்பதை நிறுத்த வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் ஒரு குற்ற உணர்வு தெரிகிறது. நிறுத்த வேண்டாம். பாதிப் புத்தகத்தில் களைத்துப்போகும்போது ஒரு நாவல் படித்துவிட்டு வாருங்கள்.

பொது நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிதான் வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், நேரத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள். போகும்போது கேள்வியை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். நூலகரிடம் 'நல்ல புத்தகம் ஏதாவது கொடுங்கள்' என்று கேட்டால் அவர் எல்லோருக்கும் கொடுக்கிற பத்தில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார். 'சாயப்பட்டறை வருவதற்கு முன்னால் நொய்யலை நம்பி என்ன விவசாயம் நடந்தது, அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்' என்று கேளுங்கள், அவரும் உங்களோடு எழுந்து அலமாரிக்கு வருவார். அங்கே இல்லாவிட்டால், வாங்கிவைக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.