ரஸ்க் மாதிரிதானே இந்த பிஸ்காட்டி?

கேள்வி: எனக்கு வயது 52. போன மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரை) பரிசோதனையில் 6.1 வந்தது. மாத்திரை இல்லை, உணவில் கவனமாக இருங்கள் என்றார்கள். கிரீம் பிஸ்கட்டை அன்றே நிறுத்திவிட்டேன். இப்போது மாலை காபியோடு தினமும் இரண்டு சாக்லேட் பிஸ்காட்டி சாப்பிடுகிறேன். ரஸ்க் போல மொறுமொறுவென்று இருக்கிறது, தித்திப்பும் குறைவு. பாதாமும் டார்க் சாக்லேட்டும் உடம்புக்கு நல்லதுதானே என்கிறாள் மருமகள். தொடரலாமா? கடைவாய்ப் பல்லில் கேப் போட்டிருக்கிறேன், அதற்கு ஏதும் ஆகுமா?

பதில்: ரஸ்க் என்றால் உடம்புக்கு இதமான பண்டம் என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியதற்கு எங்களைப் போன்ற மருத்துவர்களும் ஒரு காரணம். காய்ச்சல் என்று வந்தவரிடமெல்லாம் பிரெட், ரஸ்க் சாப்பிடுங்கள் என்று சொல்லியே பழகிவிட்டோம். பிஸ்காட்டியும் ரஸ்க்கும் உறவுதான், அதில் நீங்கள் சொல்வது சரி. அந்தப் பெயருக்கே 'இரண்டு முறை வேகவைத்தது' என்று பொருள். மாவை நீளக் கட்டையாக உருட்டி ஒரு முறை சுட்டு, துண்டு போட்டு, மறுபடியும் சுடுவார்கள்.

இரண்டாவது முறை சுடும்போது போவது தண்ணீர் மட்டும்தான். மைதாவும் சர்க்கரையும் அப்படியே இருக்கும். அதனால்தான் சாதாரண பிரெட்டில் 100 கிராமுக்கு சுமார் 250 கலோரி என்றால், சாக்லேட் பிஸ்காட்டியில் 430, 450 வரை போகும். கையில் எடுத்தால் லேசாக இருக்கிறது, கணக்கில் அப்படி இல்லை.

உங்கள் மாலை காபியையே எடுத்துக்கொள்வோம். 30 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் ஏறக்குறைய 130 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து, அதற்குள் 8 முதல் 10 கிராம் சர்க்கரை. (கஃபேக்களில் கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கும் நீளத் துண்டுகள் இதைவிடப் பெரியவை.) இரண்டு துண்டு என்றால் 260 கலோரி, அதாவது கிட்டத்தட்ட நான்கு இட்லி. சர்க்கரை மட்டும் நான்கு டீஸ்பூன். காபியில் எவ்வளவு போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு ஸ்பூன் என்றால் மொத்தம் ஆறாகிவிட்டது. சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவு மாலை ஐந்து மணி காபியிலேயே முடிந்துவிடுகிறது.

தித்திப்பு குறைவாகத் தெரிவதற்குக் காரணம் கோகோவின் கசப்பு. கசப்பு மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருமகள் சொல்வதில் பாதி உண்மை. கோகோவில் உள்ள ஃபிளவனால்கள் என்ற இயற்கைப் பொருட்கள் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்க உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு தினமும் 200 மில்லிகிராம் ஃபிளவனால் வேண்டும். நிறத்துக்கும் ருசிக்கும் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோகோவில் அது பெருமளவு அழிந்துவிடும். அதை மைதாவில் கலந்து இரண்டு முறை சுட்ட பிறகு மருந்து போல நினைத்துச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை. பாதாமும் ஒரு துண்டில் பெரும்பாலும் நான்கைந்துக்கு மேல் இருக்காது. பாதாம் வேண்டுமென்றால் பாதாமையே சாப்பிடுங்கள்.

சரி, நிறுத்த வேண்டுமா? வேண்டாம். 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை (5.7 முதல் 6.4 வரை). எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டவர்கள் மூன்றாம் வாரம் டப்பாவோடு உட்கார்ந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டு போதும், வாரத்தில் இரண்டு மூன்று நாள். அந்த நாட்களில் காபியில் சர்க்கரை வேண்டாம், பிஸ்காட்டியின் இனிப்பே காபிக்கும் சேர்ந்துவிடும். துண்டைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு டப்பாவை மூடி உள்ளே வைத்த பிறகு உட்காருங்கள். பசியோடு இருந்தால் முதலில் ஒரு கைப்பிடி சுண்டல் சாப்பிடுங்கள். 'சர்க்கரை சேர்க்காதது' என்று போட்ட பாக்கெட்டை நம்பி இரண்டாக்க வேண்டாம், அதிலும் மைதா இருக்கிறது.

வீட்டில் ஓவன் இருந்தால் மருமகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள். பிஸ்காட்டிக்குப் பெயர்பெற்ற இத்தாலியின் பிராட்டோ நகரத்துப் பழைய முறையில் மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம், பைன் கொட்டை அவ்வளவுதான், வெண்ணெயோ எண்ணெயோ கிடையாது. கடைகளில் வரும் சாக்லேட் வகையில்தான் இவை சேர்கின்றன. பழைய முறையில் கோகோ கலந்து, மைதாவில் பாதியைக் கோதுமை மாவாக்கி, சர்க்கரையை மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் செய்யட்டும். இரண்டாவது முறை சுடுவதற்கு முன் துண்டுகளை விரல் தடிமனில் பாதியாக வெட்டினால் 15 கிராம்தான் வரும். அப்படியானால் இரண்டு சாப்பிடலாம், நானே அனுமதிக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி பாருங்கள். சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் வந்தால் சாக்லேட்டும் காபியும் சேர்ந்து செய்கிற வேலையாக இருக்கலாம், ஒன்றை நிறுத்திப் பாருங்கள்.

பல் கேப்? நனைக்காத பிஸ்காட்டியை அந்தப் பக்கம் கடிக்கவே வேண்டாம். காபியில் முக்கி, மெதுவாகும் வரை காத்திருங்கள். இத்தாலியர்களும் அதைத் தொட்டுச் சாப்பிடத்தான் அவ்வளவு கெட்டியாகச் செய்கிறார்கள்.