ஆறு மேலே, வயல் கீழே: இங்கிலாந்தின் ஃபென்ஸ் பற்றிக் கேள்வி பதில்

ஃபென்ஸ் என்பது இங்கிலாந்தின் கிழக்கே, வாஷ் விரிகுடாவைச் சுற்றி கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர், நார்ஃபோக் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் தாழ்நிலம். முன்பு சதுப்பு, நீரை வடித்து வயலாக்கினார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், அங்கே ஆறு வயலைவிட உயரத்தில் ஓடுகிறது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். ஆனால் ஆறு ஏறவில்லை, வயல்தான் இறங்கிவிட்டது. உட்பகுதி மண் பீட். ஆயிரக்கணக்கான வருடங்களாக நாணலும் பாசியும் நீரில் மூழ்கி, முழுதாக மட்காமல் சேர்ந்த கறுப்பு மண். நீரை வடித்தால் அது சுருங்கும். பிறகு காற்றுப் பட்டு மட்கிக் கரைந்துபோகும். மிச்சத்தை வசந்தகாலக் காற்று புழுதியாக அள்ளிக்கொண்டு போகும். ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851 வாக்கில் ஓர் இரும்புத் தூணை அடியிலுள்ள களிமண் வரை இறக்கி, உச்சி தரைமட்டத்தில் இருக்கும்படி நட்டார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அந்த இடம் கடல் மட்டத்துக்கும் கீழே, பிரிட்டனிலேயே மிகத் தாழ்ந்த நிலங்களில் ஒன்று.

இதையெல்லாம் வடித்தது டச்சுக்காரர்களா?

திட்டம் போட்டவர் டச்சுக்காரர், கொர்னீலியஸ் வெர்முய்டன். பணம் போட்டவர்கள் பெட்ஃபோர்ட் பிரபுவும் அவருடன் சேர்ந்த முதலீட்டாளர்களும். 1630-இல் ஒப்பந்தம். வளைந்து வளைந்து போன ஔஸ் ஆற்றுக்குக் குறுக்குவழியாக, சுமார் 34 கிலோமீட்டருக்கு நேர்கோட்டில் ஒரு கால்வாய் வெட்டி 1637-இல் முடித்தார்கள். போதவில்லை. 1651-இல் அதற்கு இணையாக இன்னொன்று வந்தது. கடல் ஏற்றம் உள்ளே வராமல் தடுக்க, அங்கேயே உள்ள டென்வர் என்ற கிராமத்தில் மதகும் வந்தது. இரண்டு கால்வாய்களுக்கும் நடுவிலுள்ள நிலத்தை வெள்ளத்துக்கென்றே விட்டுவைத்தார்கள். என் கணக்கில் வெர்முய்டன் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

அவர் கணக்கில் கொள்ளாமல் விட்டது மண் சுருங்குவதை. சில பத்தாண்டுகளிலேயே வயல் நீர் தானாக ஆற்றுக்கு வடியவில்லை. இறைத்து ஏற்ற வேண்டியதாயிற்று. முதலில் காற்றாலைகள், 19-ஆம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின், அப்புறம் டீசல், இப்போது மின்சாரம். நன்றாக இறைக்க இறைக்க நிலம் மேலும் இறங்கியது. இறங்கிய நிலத்துக்கு இன்னும் பலமான பம்ப் தேவைப்பட்டது. 1831-இல் நிறுவிய ஸ்ட்ரெத்தம் நீராவி எஞ்சின் இன்றும் பார்வைக்கு இருக்கிறது.

ஊர்க்காரர்கள் சும்மாவா இருந்தார்கள்?

எப்படி இருப்பார்கள்? விலாங்கு பிடித்து, காட்டு வாத்து வேட்டையாடி, கூரைக்கு நாணல் அறுத்து, கோடையில் மாடு மேய்த்துப் பிழைத்தவர்கள். வெளியூர்ப் பணக்காரர்கள் ‘வெறும் சதுப்பு’ என்று சொன்னதுதான் அவர்களுடைய பொது நிலம். இரவோடு இரவாகக் கரைகளை உடைத்தார்கள். ‘ஃபென் புலிகள்’ என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கூலிக்கு ஆள் போதாமல், 1650 டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளைக் கொண்டுவந்து வெட்ட வைத்த கதையும் உண்டு. வடிகாலின் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு அபின் இருந்ததாமே?

மிகை கொஞ்சம்தான். சதுப்பில் கொசு, கொசுவால் மலேரியா. குளிர்காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் தோட்டத்துக் கசகசாக் காயை வேகவைத்துக் குடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கடையிலும் அபின் தாராளமாகக் கிடைத்தது.

தட்டையான ஊரில் ஈலி தேவாலயம் மட்டும் எப்படி அவ்வளவு உயரத்தில்?

ஈலி முன்பு உண்மையிலேயே ஒரு தீவு. சதுப்பின் நடுவே மேடான நிலம். அதனால்தான், பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் படையை எதிர்த்த ஹியர்வர்ட் என்ற கிளர்ச்சித் தலைவன் அங்கே பதுங்க முடிந்தது. 1071-இல்தான் நார்மன் மன்னர் வில்லியமால் அதைப் பிடிக்க முடிந்தது. 1322-இல் தேவாலயத்தின் நடுக் கோபுரம் இடிந்து விழ, அந்த இடத்தில் எட்டுப் பட்டைக் கோபுரம் கட்டினார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள்.

சில பழைய வீடுகள் வளைந்த வரிசையில் இருப்பது ஏன்?

நல்ல கவனிப்பு! அவை தூர்ந்துபோன பழைய ஓடைகளின் மேல் நிற்கின்றன. ஓடையில் படிந்த வண்டல் சுருங்கவில்லை, பக்கத்துப் பீட் சுருங்கிவிட்டது. ஆக, பள்ளமாக இருந்தது மேடாகிவிட்டது. உள்ளூரில் இதை ‘ராடன்’ என்கிறார்கள். பீட் மேலேயே கட்டிய வீடுகள் சாய்ந்து நிற்பதையும் பார்க்கலாம்.

இப்படியே போனால் மண் தீர்ந்துவிடாதா?

பல இடங்களில் அடிக் களிமண் தெரிய ஆரம்பித்துவிட்டது. மட்கும் பீட் கரியமில வாயுவையும் விடுகிறது. ஆனால் உருளைக்கிழங்கு, கோதுமை, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் என்று நாட்டின் முதல்தர விளைநிலத்தில் பெரும்பங்கு இங்கேதான். விவசாயியிடம் போய் வயலை மூழ்கடி என்று சொல்ல முடியுமா? ஹோம் ஃபென், வுட்வால்டன் ஃபென் என்ற இரண்டு சரணாலயங்களுக்கு நடுவே நிலத்தை வாங்கி மறுபடி ஈரமாக்குகிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

எப்போது போகலாம்?

குளிர்காலம். வெல்னி என்ற ஊருக்கு அருகே, வெள்ளம் தேங்கிய நிலத்தில் வடக்கிலிருந்து அன்னங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். கேம்பிரிட்ஜிலிருந்து ஈலிக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். அங்கிருந்து கார் இருந்தால் வசதி. வெல்னி சாலை அடிக்கடி நீரில் மூழ்கி மூடப்படும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.