கையெழுத்துக்கு அவசரம் வேண்டாம்

உங்கள் அப்பாவைப் புது மருந்துச் சோதனையில் சேர்க்க, ஆங்கிலப் படிவத்தில் இன்றே கையெழுத்துக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். தயவுசெய்து இன்று போடாதீர்கள். மருந்துச் சோதனைகளுக்கான இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, அவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் தந்தாக வேண்டும். தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் அவருக்கும் வர வேண்டும். இதுபோன்ற ஒரு சோதனைக்காக என் அம்மாவுக்கு வந்த தாள்கட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தபோதுதான், பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை என்ற வரி பதினோராம் பக்கத்தில் கண்ணில் பட்டது. வாயால் யாரும் சொல்லவில்லை. இன்றும் மனம் ஆறவில்லை.

சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை உண்டு. பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. முடிவை அப்பாவே எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவசரப்படுத்தினால், சோதனையில் சேர்பவர்களின் உரிமையைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் எண் படிவத்தில் இருக்கும்; அதற்கு அழையுங்கள்.