பம்புக்கு எத்தனை ஹெச்பி மோட்டார் வேணும்னு எப்படி கணக்கு போடுறது?

ஹெச்பின்னா மோட்டார் எவ்ளோ வேகமா வேலை செய்யும்ங்கிற அளவு. சுமாரா ஒரு செகண்டுல 75 கிலோவ ஒரு மீட்டர் தூக்குனா அது ஒரு ஹெச்பி. குடத்துல தண்ணி தூக்கிட்டு மாடி ஏறுற மாதிரிதான், குடம் கூடுனாலும் மாடி கூடுனாலும் மூச்சு வாங்கும்ல, அதேதான் இங்கயும்.

ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, அதனால செகண்டுக்கு 10 லிட்டர் வேணும், 20 மீட்டர் ஏத்தணும்னா 10ஐயும் 20ஐயும் பெருக்கி 75ஆல வகுங்க, 2.67 வரும். ஆனா பம்புக்குள்ளயே கொஞ்சம் சக்தி வீணாகும், பம்பு 60 சதவீதம்தான் வேலையா மாத்துதுன்னா 2.67ஐ 0.6ஆல வகுக்கணும், 4.4 ஆயிடும், அப்ப 5 ஹெச்பி வாங்கணும்.

நம்ம தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எல்லாரும் தப்பு பண்றது இந்த உயரத்துலதான். போர் 200 அடின்னா 200 அடியையும் கணக்குல சேர்க்குறாங்க, அது தேவையில்ல, மோட்டார் ஓடும்போது தண்ணி எங்க நிக்குதோ அங்கேருந்து தண்ணி கொட்டுற இடம் வரைக்கும்தான் உயரம், கூடவே பைப்பு உரசலுக்கும் கொஞ்சம் சேக்கணும் (பைப்ப சின்னதா போட்டா உரசல் எக்கச்சக்கமா ஏறும், அதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க). மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல தண்ணி ஓடுறப்ப அளக்காதீங்க, கோடையில மட்டம் இறங்குனப்ப அளந்து வைங்க.

அதே பம்புக்கு 5 ஹெச்பிய எடுத்துட்டு அதே ஸ்பீடுல சுத்துற 7.5 மாட்டுனா தண்ணி கூட வரும்னு நெனைக்கிறாங்க, வராது, தண்ணிய முடிவு பண்றது பம்புக்குள்ள தண்ணிய தள்ளுற சக்கரம், அதான் இம்பெல்லரும் அது சுத்துற வேகமும்தான்.