போர்த்திக்கொள்ளத்தானே தைக்கிறோம்! வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: துண்டுத்துணிகளை இணைத்து குயில்ட்டுக்கான (மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை) மேல்துணிகள் நிறைய தைத்து வைத்திருக்கிறேன். பஞ்சு வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் கட்டம் வந்ததும் மலைத்துப் போய் மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறேன். லாங்ஆர்ம் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து முடித்து வாங்கலாம் என்கிறார்கள். அது என்ன மெஷின்? அப்படி வாங்கினால் "அம்மா செய்தது" என்று பிள்ளைகளிடம் கொடுக்க முடியுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகக் கொடுக்கலாம். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று யோசித்தது நீங்கள், வெட்டியது நீங்கள், கால் இன்ச் தையல் விட்டு ஒவ்வொரு துண்டாக இணைத்தது நீங்கள். கடைசிக் கட்டத்தை இன்னொருவர் செய்து கொடுத்ததால் அது உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. பின்பக்கம் தைக்கும் லேபிளில் இரண்டு பேர் பெயரையும் எழுதுங்கள், துணி இணைத்தவர் இன்னார், குயில்ட்டிங் செய்தவர், அதாவது மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தவர் இன்னார் என்று. அதுதான் நியாயம், குயில்ட் செய்பவர்களிடையே உள்ள வழக்கமும் அதுதான்.

இப்போது மெஷினுக்கு வருவோம். வீட்டுத் தையல் மெஷினில் ஊசி ஒரே இடத்தில் நிற்கும், துணியை நாம் நகர்த்துகிறோம். ஊசிக்கும் மெஷினின் வலப்பக்கத் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பெரும்பாலான மெஷின்களில் 6 முதல் 9 இன்ச் வரைதான். 90 இன்ச் அகலப் போர்வையை, அதுவும் உள்ளே பஞ்சு வைத்ததை, சுருட்டிச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணித்துத் தைப்பது தோளையும் கழுத்தையும் ஒடித்துவிடும். நீங்கள் நின்றுபோனது சோம்பலால் இல்லை, நிஜமாகவே கஷ்டமான வேலை அது. லாங்ஆர்மில் எல்லாம் தலைகீழ். கட்டில் மாதிரி ஒரு நீண்ட சட்டம், பத்துப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கும். அதன் உருளைகளில் அடித்துணியையும் மேல்துணியையும் மாட்டி, நடுவே பஞ்சை விரித்துவிடுவார்கள். துணி அசையாது, மெஷின்தான் தண்டவாளத்தில் சக்கரம் வைத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும். பிடியைப் பிடித்துக்கொண்டு பேப்பரில் பேனாவால் வரைவது போல ஊசியால் வரைகிறார்கள். மெஷினின் கை நீளமாக, 18 இன்ச்சில் தொடங்கி 30 இன்ச் வரை இருப்பதால் ஒரு வரிசையை முடித்துவிட்டு உருளையைச் சுற்றி அடுத்த வரிசைக்குப் போகலாம். மூன்று அடுக்கையும் முன்கூட்டி இழையோட்டி வைக்கவோ ஊக்கு குத்தவோ வேண்டியதில்லை, சட்டமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பல மெஷின்களில் தையல் சீராக்கி ஒன்றும் உண்டு. கை வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் இன்ச்சுக்கு பத்துப் பன்னிரண்டு தையல் என்று வைத்தால் வைத்தபடியே விழும்.

கொடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: இது யாருக்கு, எப்படிப் பயன்படப்போகிறது என்று. போர்வை முழுக்க ஒரே வளைவு டிசைனை ஓட்டுவது ஒரு வகை, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வரைந்து தைப்பது இன்னொரு வகை. இரண்டாவதில் வேலையும் அதிகம், செலவும் அதிகம். நெருக்கமாகத் தைக்கத் தைக்க போர்வை விறைப்பாகும், இடைவெளி விட்டுத் தைத்தால் உடம்போடு குழைந்து கிடக்கும். சுவரில் தொங்கப்போவதற்கு நெருக்கமான தையல் அழகு. சோபாவில் சுருண்டு படுத்துப் படிக்கிற பெண்ணுக்கு என்றால் பெரிய பெரிய வளைவாகக் கேளுங்கள். ஆனால் பஞ்சு பாக்கெட்டில் இரண்டு தையல் வரிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடலாம் என்று போட்டிருக்கும், அதைத் தாண்டினால் துவைக்கத் துவைக்க பஞ்சு உள்ளே நகர்ந்து திரண்டுவிடும்.

கேள்வி: லாங்ஆர்மில் தைக்கக் கொடுத்த மேல்துணியை "பார்டர் அலை அடிக்கிறது, இப்படியே தைத்தால் மடிப்பு விழும்" என்று மெஷின் வைத்திருக்கும் அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். மேஜையில் விரித்தால் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. வேண்டுமென்றே சொல்கிறாரா?

பதில்: இல்லை, உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். தைத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பார்டரை எப்படித் தைத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீளமான ஒரு பட்டையை எடுத்து, ஓரத்தில் வைத்து, அளக்காமல் தைத்துக்கொண்டே போய், முடிவில் மிச்சத்தை வெட்டியிருப்பீர்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. துணியின் ஓரம் கை பட்டுப் பட்டு இழுபட்டிருக்கும், தைக்கும்போது பட்டையும் கொஞ்சம் நீண்டுகொடுக்கும். போர்வையின் நடுவே அளந்தால் 80 இன்ச், பார்டர் மட்டும் 82 இன்ச் என்று வந்து நிற்கும். அந்த இரண்டு இன்ச் எங்கே போகும்? மேஜையில் கையால் நீவிவிட்டால் மறைந்துவிடுகிறது. சட்டத்தில் நேராக இழுத்து மாட்டும்போது மறைய இடமில்லை, அலை அலையாக எழுந்து நிற்கும்.

பார்டரை மட்டும் பிரித்துவிடுங்கள். மேல்துணியை இஸ்திரி போட்டுத் தட்டையாக விரித்து, நீளவாக்கில் நடுவில் ஒரு முறை, ஓரங்களிலிருந்து சற்று உள்ளே தள்ளி இரண்டு முறை அளந்து, மூன்றுக்கும் சராசரி எடுங்கள். இரண்டு பக்கப் பட்டைகளையும் அந்த நீளத்துக்கே வெட்டுங்கள். பட்டையின் நடுவைப் போர்வையின் நடுவோடும் முனையை முனையோடும் குத்திவிட்டு, இடையில் மிஞ்சுவதைச் சமமாகப் பரப்பிக் குண்டூசி குத்தித் தையுங்கள். அப்புறம் மேலும் கீழும் இதே போல, புதிதாகப் போட்ட பக்கப் பார்டர்களையும் சேர்த்து அகலத்தை அளந்து செய்யுங்கள்.

கையோடு கையாக இன்னும் சில. அடித்துணியும் பஞ்சும் நாலா பக்கமும் 4 இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும், 60க்கு 80 மேல்துணி என்றால் 68க்கு 88. சட்டத்தில் மாட்டவும் பக்கவாட்டில் கிளிப் போடவும் அந்த இடம் தேவை. அடித்துணியை ஒட்டுப்போட்டிருந்தால் தறிக்கரையை வெட்டிவிட்டுத் தையுங்கள், கரை நெருக்கமாக நெய்தது, மற்ற இடம் போல நீளாது, தையல் ஓரத்தில் சுருக்கம் பிடிக்கும். பின்பக்கம் தொங்கும் நூல்களை நறுக்கிவிடுங்கள், வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு கறுப்பு நூல் கிடந்தால் தைத்த பிறகு அது மேலே நிழலாகத் தெரியும், எடுக்கவே முடியாது. ஓரத்தை மூடித் தைக்கும் சுற்றுப்பட்டி மட்டும் இப்போது வேண்டாம், அது குயில்ட்டிங் முடிந்து மிச்சத்தை வெட்டி ஓரங்களை நேராக்கிய பிறகு.

கேள்வி: தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தைக்குப் போர்த்திவிட, பஞ்சு அதிகம் வைத்து மெத்தென்று ஒரு குட்டி குயில்ட் தைக்கிறேன். மூலைகளில் பட்டன் பூ வைக்கலாமா?

பதில்: பட்டன் வேண்டவே வேண்டாம், பிய்ந்து வாய்க்குள் போகும். அதைவிட முக்கியமான விஷயம், ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, குயில்ட் எதுவும் இருக்கக் கூடாது. முகத்தை மூடினால் குழந்தையால் விலக்கிக்கொள்ள முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி உட்பட மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது. தையுங்கள், ஆனால் தரைவிரிப்பாகத் தையுங்கள். குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்க, குப்புறப் படுத்து விளையாட அருமையாக இருக்கும். மெல்லிய பருத்திப் பஞ்சு போதும், அடிக்கடி மெஷினில் துவைக்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டே துணியைத் தேர்ந்தெடுங்கள். தங்கையிடம் வாய்விட்டுச் சொல்லியும் கொடுங்கள், அக்கா ஆசையாகத் தைத்தது என்று தூங்கும் குழந்தைக்குப் போர்த்திவிடப் போகிறாள்.

கேள்வி: அப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் சட்டைகளை வெட்டிப் போர்வையாக்கலாம் என்று நான் சொன்னதற்கு அண்ணன் கோபித்துக்கொண்டான், அப்பா சட்டையில் கத்தரி வைக்கலாமா என்கிறான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

பதில்: அண்ணனுடைய கோபத்தை மதியுங்கள், அது துக்கம். அவனுக்குப் பிடித்த சட்டை எதுவோ அதை முழுசாக அவனிடமே கொடுத்துவிடுங்கள். அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சரி என்று சொல்லும்வரை கத்தரி பெட்டியிலேயே இருக்கட்டும், துணி எங்கேயும் போய்விடாது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர், அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தைத்த குயில்ட்டுகள் இன்று பெரிய பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அந்த ஊரில் மிசோரி பெட்வே என்பவர் 1942-ல், கணவர் இறந்ததும், அவர் வயல் வேலைக்குப் போட்ட உடைகளைக் கிழித்து மகளோடு சேர்ந்து ஒரு குயில்ட் தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும் வெளிறிய இடமும் அப்படியே அதில் இருக்கின்றன. நினைவாக மடித்து வைக்க இல்லை, அவர் நினைவோடு போர்த்திக்கொள்ளத் தைத்தார். உங்கள் ஆசை புதிதும் இல்லை, தப்பும் இல்லை.

செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். பலமுறை துவைத்த சட்டை இனிச் சுருங்காது, சாயமும் பெரும்பாலும் போகாது, அது உங்களுக்கு வசதி. முதுகுப் பக்கத்தில்தான் பெரிய துண்டு கிடைக்கும். காலரையும் கஃபையும் எடுத்து வைத்துவிடலாம், அங்கே துணி பல மடிப்பு, ஊசி வழுக்கும், சில சமயம் உடையும். பாக்கெட் ஒன்றை மட்டும் அப்படியே சட்டைத்துணியோடு சேர்த்து வெட்டுங்கள், பேரப்பிள்ளைகள் கை விட்டுப் பார்க்கட்டும். லாங்ஆர்மில் கொடுப்பதானால் பாக்கெட் வாயை நூலால் லேசாக மூடித் தைத்துக் கொடுத்து, வந்த பிறகு பிரித்துவிடுங்கள், திறந்திருந்தால் மெஷினின் கால் உள்ளே மாட்டிக்கொண்டு துணியைக் கிழிக்கும். பாக்கெட்டுக்கு மேலே தையல் ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பட்டன்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு கையால் தைக்கலாம். பனியன் துணி, டீஷர்ட் இருந்தால் பின்னால் ஒட்டுத்துணியை இஸ்திரியால் ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் அது இழுத்த இழுப்புக்கு எல்லாம் போகும். முதலில் ஒரே ஒரு சட்டையை வெட்டி ஒரு தலையணை உறை தைத்து அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள். அண்ணனும் பார்ப்பான்.

கேள்வி: சொந்தமாகவே ஒரு லாங்ஆர்ம் வாங்கி, மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்து கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறேன். கணவர் தயங்குகிறார்.

பதில்: அவர் தயக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. பன்னிரண்டு அடிச் சட்டம் என்றால் சுற்றி நடக்க இடத்தையும் சேர்த்தால் ஒரு அறையே போய்விடும், பேப்பர் டிசைனைப் பார்த்துத் தைப்பவர்கள் மெஷினின் பின்பக்கம் நின்றும் வேலை செய்ய வேண்டும். முதலில் மணிக்கணக்கில் வாடகைக்கு மெஷின் தருபவர்கள் இருந்தால் அங்கே போய் உங்கள் அலமாரியில் கிடப்பதையெல்லாம் தையுங்கள். பாபின் டென்ஷன், அதாவது அடிநூலின் இறுக்கம், சரிசெய்வது, நடுவில் நூல் அறுந்தால் இணைப்பது எல்லாம் கைக்கு வந்த பிறகும் ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். தொழிலாகச் செய்தால் இன்னொருவர் டிசைனை, இன்னொருவர் நிறத்தில், இன்னொருவர் தேதிக்குள் தைக்க வேண்டும். சிலருக்கு அதுவே சந்தோஷம், சிலருக்குப் பிடித்த வேலையே வெறுத்துப்போகும். உறவினர்களுக்கு இலவசமா, கூலியா என்பதையும் மெஷின் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே கணவரும் நீங்களும் பேசி முடிவு செய்துவிடுங்கள், வந்த பிறகு சொல்வது கஷ்டம்.

கேள்வி: ஏழு வயது மகள் என் பக்கத்திலேயே நின்று தானும் தைப்பேன் என்கிறாள். விடலாமா?

பதில்: விடுங்கள். பெரிய கண் உள்ள மொட்டை ஊசி, தடித்த நூல், பிரியாத கம்பளித் துணி, இது போதும். தையல் கோணலாகத்தான் வரும், அதைப் பிரித்துச் சரிசெய்ய உங்கள் கை பரபரக்கும், தொடாதீர்கள். மெஷினில் நீங்கள் பக்கத்தில் இருந்து, வேகத்தைக் குறைத்து வைத்துப் பழக்கலாம். துண்டுகளைத் தரையில் பரப்பி நிறம் அடுக்கும் வேலையை முழுசாக அவளிடமே விடுங்கள், பெரியவர்களுக்குத் தோன்றாத சேர்க்கையெல்லாம் பிள்ளைகளுக்கு வரும்.

கேள்வி: நாத்தனாருக்கு மாதக்கணக்கில் உழைத்து ஒரு குயில்ட் தைத்துக் கொடுத்தேன். போன வாரம் போனால் நாய் அதன் மேல் படுத்திருக்கிறது. மனசு ஆறவில்லை.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போட்டிருந்தால் இதைவிட வருத்தமாக இருந்திருக்கும், அங்கே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து, மடித்த மடிப்பிலேயே இழை நைந்து போயிருக்கும். பயன்படுகிறது என்றால் அந்த வீட்டுக்கு அது பிடித்திருக்கிறது. துவைக்கும் முறை தெரியாததால் கெட்டுப்போகக் கூடாது, அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்: குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, நேர்வெயில் படாமல் தட்டையாக விரித்துக் காயவைப்பது. இனிமேல் யாருக்குத் தைத்தாலும் இதை லேபிளிலேயே எழுதித் தைத்துவிடுங்கள், அழியாத துணிப்பேனாவால்.